கீரைக்காரம்மாவின் ஈரச் சாக்கு

ஆனி, ஆடி ஆகிய இரு மாதங்களையும் நம் முன்னோர் முதுவேனில் என்று அழைத்தனர். அக்கினி நட்சத்திரம் முடிந்த பின்னும் மதுரை, திண்டுக்கல் போன்ற உள்மாவட்டங்களில் வெயில் எளிதில் தணிவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பக்கத்தில் மழையைப் பொழிந்துவிட்ட காற்று, இப்பக்கம் வறண்ட காற்றாக இறங்கி வீசுகிறது.

இந்தப் பருவத்தில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு உங்கள் ஊர் உழவர் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். மண் உலராத முளைக்கீரை, பனி ஈரத்துடன் வெண்டைக்காய், ஊதா நிறத்தில் மின்னும் கத்தரிக்காய் எல்லாம் கண்ணுக்கு விருந்து! பத்து மணிக்கு மறுபடியும் போனால் காட்சி மாறியிருக்கும். பல கடைகளில் கீரை தலைசாய்ந்து கிடக்கும். சில கடைகளில் மட்டும் ஈரச் சாக்கின் அடியில் அது விறைப்பாகவே இருக்கும். ஏன் இந்த வேறுபாடு?

நான் கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், சாக்கின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், "ஏம்மா, எடை கூடட்டும் என்றா தண்ணீர் தெளிக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "கீரையக் கட்டுக் கணக்குலதான் விக்கிறேன் தம்பி. இதுல எடைக்கு எங்க போறது? தண்ணி காட்டலேன்னா பத்து மணிக்கெல்லாம் துவண்டுரும். அப்புறம் யாரு வாங்குவா?" என்றார்.

வெப்பத்தைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும் நான் வெட்கத்துடன் வீடு திரும்பினேன். அவர் செய்தது முழுக்க முழுக்க இயற்பியல்.

பறித்த பின்னும் உயிர் உண்டு

பறித்த காயும் கீரையும் உயிருள்ளவையே. அவை தொடர்ந்து சுவாசிக்கின்றன. சேமித்த சர்க்கரையை ஆக்சிஜனுடன் சேர்த்துச் சிதைத்து, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் வெப்பத்தையும் வெளியிடுகின்றன. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் இந்தச் சுவாசத்தின் வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். வெயிலில் கிடக்கும் காய் தன்னைத்தானே விரைவாகத் தின்றுகொள்கிறது எனலாம்.

கீரையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். காற்றடைத்த பலூன் விறைத்து நிற்பதுபோல, நீர் நிறைந்த செல்களே இலையை விறைப்பாக வைத்திருக்கின்றன. செடியில் இருந்தவரை இலை இழந்த நீரை வேர் ஈடுசெய்தது. பறித்த பின் செலவு மட்டுமே உண்டு, வரவு இல்லை. பசலை போன்ற கீரையில் நூற்றில் மூன்று பங்கு எடை குறைந்தாலே வாட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பூசணி ஏன் வாடுவதில்லை?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள ஒரு கனசதுரத்தைப் பூசணித் துண்டு என்று கொள்வோம். அதன் பரப்பு 600 சதுர செ.மீ., பருமன் 1000 கன செ.மீ. ஒரு கன செ.மீ.க்கு 0.6 சதுர செ.மீ. பரப்பே கிடைக்கிறது. இனி, 10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இலையை எடுத்துக்கொள்வோம். அதன் பருமன் 5 கன செ.மீ., இருபுறமும் சேர்த்துப் பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ. அதாவது ஒரு கன செ.மீ.க்கு 40 சதுர செ.மீ.! நீர் வெளியேற அத்தனை பெரிய வாசல். போதாததற்கு இலை முழுவதும் நுண்ணிய இலைத்துளைகள் வேறு. தக்காளியின் தோலில் அத்தகைய துளைகள் இல்லை. அதன் நீர் பெரும்பாலும் காம்பு இருந்த தழும்பின் வழியாகவே போகிறது. முழுப் பூசணிக்கோ தடித்த தோலே கவசம்.

சாக்கு செய்யும் வேலை

ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பம் தேவை. இதுவே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ காய்கறியை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 4000 ஜூலை அகற்ற வேண்டும். எனவே 10 கிராம் நீர் ஆவியாகி, தனக்கு வேண்டிய வெப்பம் முழுவதையும் காயிடமிருந்தே எடுத்தால், ஒரு கிலோ காய் 6 டிகிரி குளிரும். உண்மையில் ஒரு பகுதி வெப்பம் காற்றிலிருந்து வருவதால் பலன் சற்றுக் குறையும்.

சாக்கு இன்னொரு நன்மையும் செய்கிறது. அதன் அடியில் உள்ள காற்று ஈரமாகிவிடுவதால் கீரையின் நீர் வெளியேறத் தயங்குகிறது. கீரை இழக்க வேண்டிய நீரைச் சாக்கு இழக்கிறது! சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் தாளால் மூடினால் என்ன? நீர் வெளியேறாது என்பது உண்மையே. ஆனால் சுவாச வெப்பமும் வெளியேறாது. கீரை புழுங்கி அழுகும். இலை மேலேயே அளவுக்கு மீறி நீர் தேங்கினாலும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான்.

எல்லா ஊரிலும் இந்த உத்தி ஒரே அளவில் பலிக்குமா? காற்று 38 டிகிரியும் ஈரப்பதம் 30 சதவீதமும் உள்ள உள்ளூர்ப் பகுதியில், நிழலில் உள்ள ஈரத்துணி ஏறத்தாழ 24 டிகிரி வரை குளிரலாம். 34 டிகிரியும் 70 சதவீதமும் உள்ள கடற்கரை ஊரில் 29 டிகிரியோடு நின்றுவிடும். காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்திருந்தால் மேலும் ஏற்க இடம் ஏது?

ஒரு கிலோ எங்கே போயிற்று?

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் திறக்கப்பட்டது. இடைத்தரகர் இன்றி உழவரே விற்பது இதன் நோக்கம். ஆகவே இலாபம் அவருக்கே, நட்டமும் அவருக்கே. 20 கிலோ அவரைக்காய் கொண்டுவந்தவர் நூற்றில் ஐந்து பங்கு எடையை வெயிலுக்குக் கொடுத்தால், ஒரு கிலோ காற்றோடு போயிற்று. அதற்கு அவருக்கு யார் பணம் தருவார்?

இதே தத்துவத்தைக் கொண்டு புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் ஒரு குளிர் அறையை உருவாக்கியது. இரண்டு செங்கல் சுவர்கள், இடையே ஈர மணல், மேலே ஒரு கூரை, அவ்வளவுதான். மின்சாரமே வேண்டாம்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு கீரைக்கட்டுகளை வாங்கி எடை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். ஒன்றைத் திறந்தபடி விடுங்கள். மற்றொன்றின் மேல் பிழிந்த ஈரச் சாக்கைக் கூடாரம்போல் மூடுங்கள். மணிக்கொரு முறை இரண்டையும் எடை போட்டு வரைபடம் வரையுங்கள். இரு கோடுகளும் எப்போது பிரிகின்றன?

வரைபடம் முடிந்ததும் மறுநாள் சந்தைக்குப் போங்கள். சாக்கில் நீர் தெளிக்கும் கைகளைச் சந்தேகத்தோடு பார்க்க மாட்டீர்கள். நானும் இப்போது பார்ப்பதில்லை.