வலிக்கு எந்தக் கணக்கில் இழப்பீடு?

2013 அக்டோபரில் கொல்கத்தா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சுமார் 6 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது. இந்தியாவில் மருத்துவ அலட்சியத்துக்காக அதுவரை அவ்வளவு பெரிய தொகை யாருக்கும் கிடைத்ததில்லை. தீர்ப்பைப் பிரித்துப் பார்த்தால், இறந்த பெண்ணின் வருமான இழப்புக்கு மட்டும் சுமார் 5 கோடியே 72 லட்சம். அவர் பட்ட வலிக்கும் வேதனைக்கும் 10 லட்சம்.

என்ன வலி அது? 1998இல் அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்திருந்த குழந்தைகள் உளவியலாளர் அவர். தோலில் தடிப்பு கண்டது. டெபோ-மெட்ரால் என்ற ஸ்டீராய்டு ஊசியை 80 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை போடச் சொன்னார் மருத்துவர். உடலில் பல நாள் தங்கி வேலை செய்யும் மருந்து அது, அப்படிப் போடக்கூடாதது. நோய் முற்றி, உடம்பெங்கும் தோல் உரிந்து, மே மாதக் கடைசியில் இறந்துபோனார்.

ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனை வழக்கு இன்னொரு விதம். 1990இல் மார்புக் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 20 வயதுப் பொறியியல் மாணவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. உச்ச நீதிமன்றத்தில் தன் வழக்கைத் தானே வாதாடினார். 2009இல் 1 கோடி கிடைத்தது. அதிலும் வலிக்கு 10 லட்சம்தான்.

சில வாரம் துடித்து இறந்தவருக்கும் அதே தொகை, ஆயுள் முழுக்க முடங்கியவருக்கும் அதே தொகை. வருமானத்தைக் கணக்கிடச் சம்பளச் சீட்டும் வயதும் இருக்கின்றன. வலிக்கு நீதிபதியின் மதிப்பீடு ஒன்றே அளவுகோல். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. சம்பளச் சீட்டே இல்லாத இல்லத்தரசிக்கும் முதியவருக்கும் குழந்தைக்கும் வலியும் முடக்கமும்தானே பெரிய இழப்பு?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1975இலேயே மருத்துவ அலட்சிய வழக்குகளில் வலிக்கான இழப்பீட்டுக்கு 2.5 லட்சம் டாலர் உச்சவரம்பு விதித்தார்கள். 2023இல்தான் அது உயரத் தொடங்கியது. இந்தியச் சட்டத்தில் அப்படி வரம்பு எதுவும் இல்லை. கூடுதலாகக் கொடுக்க நீதிமன்றத்துக்குத் தடையில்லை. வலியைக் காட்டும் ஆதாரம்தான் வேண்டும்.

ஆதாரம் பெரும்பாலும் கேஸ் ஷீட்டிலேயே இருக்கும். எத்தனை நாள் ஐ.சி.யூ., எந்த வலிநிவாரணி எத்தனை முறை ஏறியது, இரவில் நோயாளி துடித்ததாகச் செவிலியர் எழுதிய குறிப்பு உண்டா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி. வீட்டுக்கு வந்த பிறகும் தூக்கமின்மைக்கோ மனச்சோர்வுக்கோ மருத்துவரைப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டுகளையும் சேர்த்துவையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டுதான் அவகாசம்.