உஷார்! விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்

பொலிஸ் நிலையத்தில் நீங்கள் தமிழில் சொல்லச் சொல்லச் சிங்களத்தில் எழுதி, "இதில ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று தாளை நீட்டினால் பேனையைத் தொடாதீர்கள். சைக்கிள் களவுபோன முறைப்பாடானாலும் சரி, காணிச் சண்டையானாலும் சரி.

நல்லரத்தினம் சிங்கராசா வழக்கை மட்டக்களப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1993 யூலை 16 விடியற்காலைச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட 150 பேரளவில் அவரும் ஒருவர். கொம்மாதுறை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். டிசெம்பரில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் முன்னால் நிறுத்தி எடுத்த வாக்குமூலம் சிங்களத்தில் தட்டெழுதப்பட்டது. அவருக்கோ சிங்களம் வாசிக்கத் தெரியாது. அறையில் இருந்தது விசாரித்த அதிகாரிகள் இருவர்தான், மொழிபெயர்ப்பும் அவர்களுடையதே. விளங்காததால் கையெழுத்து வைக்க மறுத்ததாகவும், பெருவிரலைப் பிடித்துத் தாளில் அழுத்தியதாகவும் அவர் முறையிட்டார். அந்த ஒரு தாளை வைத்தே 1995இல் 50 ஆண்டுச் சிறை! மேன்முறையீட்டில் 35 ஆனது.

சாதாரண சட்டப்படி பொலிஸாரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் எடுபடாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம் அதை ஏற்றுக்கொள்ள வழி திறந்தது. வற்புறுத்தி வாங்கியதென்று காட்டவேண்டிய பொறுப்பையும் கைதியின் தலையிலேயே போட்டது. இது நியாயமான விசாரணை அல்ல என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு சொல்லியும், 2006இல் உயர் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளிவிட்டது.

வாக்குமூலம் உண்மையில் யாருடைய பேச்சு என்று ஆராய்வதற்கே தடயவியல் மொழியியல் என்றொரு துறை இருக்கிறது. இங்கிலாந்தில் 1953இல் தூக்கிலிடப்பட்ட டெரெக் பென்ட்லியின் வாக்குமூலத்தை மொழியியலாளர் மால்கம் கூல்தார்ட் சொல் சொல்லாகப் பிரித்தார். 'பிறகு' என்ற சொல் அதில் வருகிற இடம், சாதாரண ஆட்கள் பேசும்போது வைக்கிற இடமல்ல, பொலிஸார் எழுதும்போது வைக்கிற இடம் என்று காட்டினார். 1998இல் அந்தத் தீர்ப்பு இரத்தானது.

நமக்கு அந்த வழிகூட அடைபட்டுப் போகிறது. நம் ஆள் பிறகு என்பதற்கு 'மறுகா' என்பார், விடியற்காலையில் என்பதற்கு 'வெள்ளாப்பில' என்பார். சிங்களத் தாளில் அந்தப் பேச்சின் சுவடே இராது. யுத்த காலத்தில் வாவியின் மேற்குக் கரையைச் சொல்லி "படுவான்கரைக்குப் போனன்" என்று ஒருவர் சொன்னால், வேளாண்மை வெட்டப் போனாரா, புலிகளின் பகுதிக்குப் போனாரா? எழுதுகிறவர் விரும்பியபடி எழுதலாம். அவர் வாயிலிருந்து வந்த சொல் தாளில் இல்லையென்றால், எந்த மொழியியலாளர் வந்து எதைப் பிரித்துப் பார்ப்பார்? கொம்மாதுறைக்குப் பக்கத்தில், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மொழி படிக்கும் பிள்ளைகளே, தடயவியல் மொழியியல் உங்கள் கையில் இருக்கவேண்டிய படிப்பு.

அதுவரை ஒன்று செய்யுங்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தமிழும் அரசகரும மொழிதான். விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டவும், பிழையைத் திருத்தவும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு இடம் தருகிறது. வாசிக்கத் தெரியாத அம்மா, அப்பாவைத் தனியே அனுப்பாதீர்கள். தப்பவே முடியாமல் கையெழுத்து வைக்க நேர்ந்தால், "எனக்குச் சிங்களம் தெரியாது, தமிழில் வாசித்துக் காட்டவில்லை" என்று அதே தாளில், உங்கள் கையால், தமிழில் எழுதித் திகதியும் நேரமும் போட்டுவிட்டு வையுங்கள்.