இரண்டு கால்களும் ஒரே பலமா?

மாலையில் தோட்டத் திடலில் நம் பிள்ளைகள் காற்பந்து ஆடுகிறார்கள். மூலையிலிருந்து பந்து உயர்ந்து வருகிறது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவன் எம்பித் தலையால் முட்டுகிறான், மற்றவனுக்கு எட்டவில்லை. "அவனுக்குத் தைரியம் போதாது" என்கிறோம். குறை காலில் இருக்கலாம்.

எம்பும்போது இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒருசேர நிமிர்ந்து தரையை உதைக்கின்றன. பிட்டம், தொடை, கெண்டைக்கால் தசைகள் அதற்கு விசை தருகின்றன. காண்டா வாளி சுமந்த பெரியவர்களுக்குத் தெரியும்: ஒரு வாளி நிறைந்து மற்றது பாதியானால் நடை கோணும். கால்களும் அப்படித்தான்.

வலக்காலால் உதைப்பவனுக்கு இடக்கால் ஊன்றுகால். வேலை வேறாவதால் சிறிது வேறுபாடு இயல்பே. ஆனால் கணுக்கால் சுளுக்கி, வலி நின்றதும் திடலுக்கு ஓடுகிறானே, அவனைக் கவனியுங்கள். வலி நின்றாலும் பலம் திரும்பச் சில வாரங்கள் ஆகலாம். அதற்குள் ஆடினால் மறுபடி அடிபடும்.

வலி இல்லாத பிள்ளையை வாசலிலேயே சோதிக்கலாம். கோடு போட்டு, ஒரு காலால் முன்னே தாண்டி, அதே காலில் விழுந்து அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். மூன்று முறை அளந்து நீளமானதை எழுதுங்கள். பிறகு மறுகால். வலக்கால் 120 சென்டிமீட்டர், இடக்கால் 108 என்றால் நூற்றுக்கு 90, பரவாயில்லை. 96 என்றால் 80, பயிற்சி தேவை.

பயிற்சிக்குக் காசு வேண்டாம். ஒற்றைக்காலால் படியேறி இறங்குதல், ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துதல்: பத்துப் பத்து முறை, வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். பலம் குறைந்த காலில் தொடங்குங்கள். அது செய்யும் அளவே மற்றதும் செய்யட்டும். இரண்டு மாதம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். வீக்கம் இருந்தாலோ, முழங்கால் திடீரென்று மடங்கினாலோ, மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். இரண்டு வாளியும் பாதியானால் நடை கோணாது, பாலும் குறைவுதான். கால்கள் சமமானால் போதாது, இரண்டும் வலுக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் இதுவே.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற மலேசியக் குழுவின் கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்றார்கள். கைகள் பிறப்பில் வந்தவை. அவற்றைப் பந்திடம் கொண்டு சேர்த்தவை கால்கள்.