தூணி நெல்லும் ஷேக்ஸ்பியர் நாடகமும்

தஞ்சைப் பெரிய கோயிலில் நாடகத்தைப் பற்றிய கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட இரண்டாம் இராசேந்திர சோழன் காலத்தது. அக்கோயிலில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகத் திருவாலன் திருமுதுகுன்றன் என்னும் சாந்திக்கூத்தனுக்கு நாள்தோறும் ஒரு தூணி நெல்லாக, ஆண்டுக்கு 120 கலம் அளக்க வேண்டும் என்பது அதன் செய்தி. நாடகம் நமக்குக் கிடைக்கவில்லை. கூலிக் கணக்கு மட்டும் கிடைத்திருக்கிறது!

'தூணி' என்பது யாது? அம்பறாத்தூணியை அறிந்த மாணவர் அம்புக்கூடு என்று மயங்கக்கூடும். அகராதியைப் புரட்டுமுன் கல்வெட்டையே கேட்போம். கலம் என்பது 12 மரக்கால் என்று, களத்தில் நெல் அளந்து பழகிய காவிரிக்கரைப் பெரியவர் எவரும் சொல்வர். ஆகவே 120 கலம் என்பது 1,440 மரக்கால். ஆண்டை 360 நாளாக வைத்து வகுத்தால் நாளொன்றுக்கு 4 மரக்கால் வருகிறது. (365ஆல் வகுத்தால் சற்றுக் குறையும், சோழர் காலத்துக் கணக்கர் முழு எண்ணையே விரும்பினார் போலும்.) பழைய முகத்தலளவை வாய்பாட்டிலும் தூணிக்கு அதுவே அளவு. சொல்லின் பொருளை அண்டையிலுள்ள சொற்களே தந்துவிட்டன.

எலிசபெத் அரசியார் காலத்து நாடகங்களைப் படிக்கப் புகும் மாணவ நேயர்களுக்கு நான் கூறும் வழியும் இதுவே. அறியாத சொல்லுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. அதற்கு அடிக்குறிப்பு இருக்கும். அறிந்த சொல்லைப் போல வந்து நிற்பதே இடர் விளைப்பது. சுமார் 1600இல் எழுதப்பெற்ற ஹாம்லெட் நாடகத்தில், தந்தையின் ஆவியைப் பின்தொடரப் புறப்படும் இளவரசனை நண்பர்கள் பற்றி நிறுத்துகிறார்கள். தன்னை 'லெட்' செய்பவனைக் கொன்றுவிடுவதாக அவன் மிரட்டுகிறான். அச்சொல்லுக்கு நாம் அறிந்த பொருள் 'விடு' என்பது. போக விடுபவனை எவனாவது கொல்வானா? 'தடு' என்னும் பொருளும் அக்காலத்தில் அதற்கு இருந்தது.

ஜூலியட்டின் 'வேர்ஃபோர்' இன்னும் பலரை ஏமாற்றியிருக்கிறது. ரோமியோ எங்கே என்று அவள் தேடுவதாகக் கொள்கிறார்கள். அச்சொல்லின் பொருள் 'ஏன்' என்பதாகும். பகைக்குடியின் பெயரைத் தாங்கி ஏன் பிறந்தாய் என்று அவள் ஆற்றாமையால் வினவுகிறாள். 'எங்கே' என்று கொண்டால் காட்சியின் உயிரே போய்விடும்.

இத்தகைய மாற்றம் நமக்குப் புதிதன்று. பழைய நூல்களில் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. குறளில் உதவியைக் குறிக்கும் 'வேளாண்மை' நம் வயல்களில் உழவாயிற்று.

ஓரிடத்தில் ஆங்கில மாணவரைவிட நமக்கு எளிது. 'தௌ', 'யூ' என்னும் இரண்டையும் அவர் அரும்பாடுபட்டுப் பிரித்தறிய வேண்டும். நமக்கோ 'நீ'யும் 'நீர்'உம் நாவிலேயே இருக்கின்றன. தாயையும் தெய்வத்தையும் 'நீ' என்கிறோம். சினம் முற்றினாலும் 'நீ' என்கிறோம். அந்நாடகங்களில் 'தௌ' பெரும்பாலும் இவ்வாறே வரும். ஒரு பாத்திரம் 'யூ'வை விட்டுத் 'தௌ'வுக்கு மாறும் வரியில் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். பிறகு அதற்கு முந்திய பத்து வரிகளை மீண்டும் படியுங்கள்.