காற்றைத் தாங்குவோர்

நுழையும்முன்

ஓட்டப்பந்தயத்தில் எல்லைக்கோட்டை முதலில் தொடுபவரே வெற்றியாளர். ஆனால், ஒரு நாள்கூட முதலாவதாக வராத ஒருவர் முழுப் பந்தயத்தையும் வெல்லக்கூடிய விளையாட்டும் உண்டு. பல நாள்கள், பல ஊர்கள், நூற்றுக்கணக்கான கி.மீ. சாலைகள் என விரியும் அவ்விளையாட்டில் வெற்றி ஒருவர் பெயரில் எழுதப்படுகிறது. அதற்கான உழைப்போ பலருடையது. பல கட்ட மிதிவண்டிப் பந்தயத்தின் கணக்கையும் அறிவியலையும் அறத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

கட்டம் கட்டமாய் ஒரு பந்தயம்

1903ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ‘லோட்டோ’ என்னும் விளையாட்டு நாளிதழ், தன் விற்பனையைப் பெருக்குவதற்கு ஒரு புதிய வழியைக் கண்டது. நாட்டைச் சுற்றி மிதிவண்டிப் பந்தயம் ஒன்றை அது நடத்தியது. ஆறு கட்டங்களாக அமைந்த அப்பந்தயத்தின் மொத்தத் தொலைவு 2,428 கி.மீ. புறப்பட்ட வீரர்கள் 60 பேர். முடித்தவர்கள் 21 பேர். மோரிஸ் காரன் என்பவர் வென்றார். ‘தூர் த பிரான்சு’ என இன்று உலகம் அறிந்த பந்தயம் இவ்வாறுதான் தொடங்கியது. இதனைப் பின்பற்றி இத்தாலியில் 1909ஆம் ஆண்டிலும் ஸ்பெயினில் 1935ஆம் ஆண்டிலும் பெரும் பந்தயங்கள் தோன்றின. இம்மூன்றும் இன்று மூன்று வாரங்கள், 21 கட்டங்கள் என நடைபெறுகின்றன. சிறிய நாடுகளில் நடைபெறுபவை பெரும்பாலும் நான்கைந்து நாள்களில் முடிந்துவிடுகின்றன.

ஒரு நாளில் ஓரிடத்தில் புறப்பட்டு மற்றோரிடத்தில் முடியும் பயணமே ஒரு கட்டம் எனப்படும். கட்டங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சமவெளிக் கட்டம் விரைவைச் சோதிக்கும். மலைக்கட்டம் மூச்சையும் மனத்திண்மையையும் சோதிக்கும். தனியர் நேர ஓட்டத்தில் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் குறிப்பிட்ட இடைவெளியில் அனுப்பப்படுவர். அங்கே துணையின்றிக் கடிகாரத்தோடு மட்டுமே போட்டியிட வேண்டும்.

நொடிகளின் கணக்கு

எல்லாக் கட்டங்களிலும் ஒரு வீரர் எடுத்துக்கொண்ட நேரம் கூட்டப்படும். கூட்டுத்தொகை எவருக்குக் குறைவோ அவரே முழுப் பந்தயத்தின் வெற்றியாளர். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். முதல் இரு நாள்களிலும் ஒரு வீரர் முதலிடம் பெற்று, மற்றொருவரைவிட நாளுக்குப் பத்து நொடிகள் முந்தினார் எனக் கொள்வோம். அவரிடம் 20 நொடிகள் கையிருப்பு உள்ளது. மூன்றாம் நாள் மலையேற்றத்தில் அவர் களைத்து ஒரு நிமிடம் பின்தங்கினால், மொத்தக் கணக்கில் 40 நொடிகள் பின்னடைவு ஏற்படும். இரு நாள் வெற்றியை ஒரு நாள் தளர்ச்சி விழுங்கிவிடும்.

1990ஆம் ஆண்டு தூர் த பிரான்சில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் ஒரு கட்டத்தில்கூட முதலிடம் பெறவில்லை. ஆயினும் பந்தயத்தை வென்றார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் பிரெஞ்சு வீரர் லோரன் ஃபின்யோனை வென்ற வேறுபாடு வெறும் 8 நொடிகள். மூவாயிரம் கி.மீட்டருக்கும் மேல் மிதித்த பின்னர் எஞ்சிய இடைவெளி அவ்வளவே. எனவே, இப்பந்தயத்தில் ‘இன்று தோற்றேன்’ என்பதைவிட ‘இன்று எத்தனை நொடி இழந்தேன்’ என்பதே பொருளுள்ள வினா. கூட்டமாக எல்லையைக் கடப்போர் அனைவருக்கும் ஒரே நேரம் வழங்கப்படும் என்பதால், குழுவை விட்டுப் பிரியாமல் இருப்பதும் ஒரு திறமையே.

காற்றே மலை

குழுவை விட்டுப் பிரிவது ஏன் இத்துணை இடரானது? விடை காற்றில் இருக்கிறது. சமதளச் சாலையில் விரைந்து செல்லும் மிதிவண்டியைத் தடுக்கும் ஆற்றல்களுள் மிகப் பெரியது காற்றின் தடையே. வேகம் இருமடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். அதனை வெல்லச் செலவிட வேண்டிய திறன் எட்டு மடங்காகும். முன்செல்பவர் காற்றைப் பிளந்துகொண்டு போக, அவருக்குப் பின்னால் ஒட்டிச் செல்பவருக்கு அத்தடை பெரிதும் குறைகிறது. இவ்வாறு பின்தொடர்பவர் தம் உழைப்பில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சப்படுத்தலாம்.

இதனைக் கடலூர் மாவட்டத்துச் சாலை ஒன்றில் பொருத்திப் பார்க்கலாம். தேவனாம்பட்டினத்தில் தொடங்கி, கடலூர் முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரத்தில் முடியும் ஒரு கட்டத்தைக் கற்பனை செய்வோம். வழியில் மலை இல்லை. பெரிய மேடுகூட இல்லை. எனினும் இக்கட்டம் எளிதன்று. தெற்கு நோக்கிச் செல்வோருக்குக் கடல் இடப்பக்கம் அமைகிறது. கடற்காற்று வீசும் வேளையில் அது பக்கவாட்டில் வந்து மோதும். அப்போது நேர் பின்னால் செல்பவருக்குப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. ஆகவே, வீரர்கள் சாலையின் குறுக்கே சாய்வு வரிசை அமைப்பர். முதலாமவர் சாலையின் இடப்பக்க ஓரத்தில் காற்றைத் தாங்குவார். அடுத்தவர் அவருக்குச் சற்றுப் பின்னால் வலப்புறமாக அமைவார். இவ்வாறே வரிசை நீளும். சாலையின் அகலம் முடியும் இடத்தில் அவ்வரிசையும் முடிந்துவிடும். அதில் இடம் பெறாதவர் தனித்துக் காற்றில் சிக்கிப் பின்தங்குவர். சில நிமிடங்களில் ஒரு பெருங்குழு இரண்டு மூன்று துண்டுகளாக உடைந்துபோகும். மலையில்லாத நிலத்தில் காற்றே மலையாகிறது.

வரிசையின் முன்னிடம் கடினமானது. அதனால் எவரும் அங்கே நெடுநேரம் இருப்பதில்லை. சிறிது நேரம் காற்றைத் தாங்கியவர் விலகிப் பின்னால் செல்ல, அடுத்தவர் முன்வருவார். சாய்வு வரிசையில் வெவ்வேறு அணியினர்கூட இவ்வாறு முறைவைத்து உழைப்பதுண்டு. போட்டியாளரோடு ஒத்துழைக்காமல் போட்டியிடவே முடியாது என்பது இவ்விளையாட்டின் வியப்பான இயல்பு.

தோள் கொடுப்போர்

ஒவ்வோர் அணியிலும் முழுப் பந்தயத்தை வெல்லத்தக்கவர் ஒருவரோ இருவரோ இருப்பர். ஏனையோர் அவருக்காக உழைப்பவர்கள். அவருக்கு முன்னால் சென்று காற்றைத் தாங்குவதும், பின்னால் வரும் அணி வாகனத்திலிருந்து தண்ணீர்க் குப்பிகளைச் சுமந்து வருவதும், அவரது சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றித் தருவதும் இவர்தம் பணிகள். பிரெஞ்சு மொழியில் இவர்களை ‘டொமெஸ்டிக்’ என்பர்; ‘பணியாள்’ என்பது அதன் பொருள். 1911ஆம் ஆண்டு ஒரு வீரரை இகழ்வதற்காகச் சொல்லப்பட்ட இச்சொல், நாளடைவில் மதிப்புக்குரிய பொறுப்பின் பெயராக மாறியது.

1934ஆம் ஆண்டு தூர் த பிரான்சில் நிகழ்ந்த ஒன்று இப்பொறுப்பின் கனத்தை உணர்த்தும். ரெனே வியேத்தோ அப்போது இருபது வயது இளைஞர், மலையேற்றத்தில் வல்லவர். அவருடைய அணித்தலைவர் அந்தோனின் மான்யே, பிரனீசு மலையின் இறக்கத்தில் விழுந்ததால் அவரது மிதிவண்டியின் சக்கரம் உடைந்தது. வியேத்தோ தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும்வரை சாலையோரச் சுவரில் அமர்ந்து காத்திருந்தார். கண்ணீருடன் அவர் அமர்ந்திருந்த ஒளிப்படம் நாடெங்கும் பரவியது. மறுநாளும் தலைவரின் மிதிவண்டி பழுதாகவே, முன்னே சென்றுவிட்ட வியேத்தோ மலைச்சாலையில் திரும்பி வந்து தம் மிதிவண்டியையே அளித்தார். மான்யே பந்தயத்தை வென்றார். வியேத்தோ ஐந்தாம் இடமும் சிறந்த மலையேற்ற வீரர் என்னும் சிறப்பும் பெற்றார். அவர் பின்னாளிலும் தூர் த பிரான்சை வெல்லவில்லை. ஆயினும், அவ்வாண்டின் பந்தயத்தைப் பற்றிப் பேசுவோர் வென்றவரைக் காட்டிலும் கொடுத்தவரையே மிகுதியாக நினைவுகூர்கின்றனர்.

சிறிய நாடு, பெரிய மரபு

இவ்விளையாட்டில் சிறந்து விளங்கப் பெரிய நாடாக இருக்க வேண்டுமா? லக்சம்பர்க் இதற்கு விடை கூறும். அதன் பரப்பு 2,586 சதுர கி.மீ.; கடலூர் மாவட்டத்தைவிடச் சிறியது. மக்கள்தொகை ஏழு லட்சத்திற்கும் குறைவு. அந்நாட்டின் மிக உயர்ந்த இடமே 560 மீட்டர்தான். எனினும் அந்நாட்டு வீரர்கள் நால்வர் தூர் த பிரான்சை ஐந்து முறை வென்றுள்ளனர்.

1909ஆம் ஆண்டு வென்ற பிரான்சுவா ஃபாபர், பிரெஞ்சுக்காரர் அல்லாத முதல் வெற்றியாளர் ஆவார். நிக்கோலா ஃப்ரான்ட்ஸ் 1927, 1928 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றார். இரண்டாம் முறை, பந்தயம் முடியச் சில நாள்களே இருந்தபோது அவரது மிதிவண்டியின் சட்டகம் உடைந்தது. கைக்குக் கிடைத்த, பெண்கள் ஓட்டும் சாதாரண மிதிவண்டி ஒன்றில் ஏறத்தாழ 100 கி.மீ. ஓட்டி அக்கட்டத்தை முடித்தார். அன்று ஏறக்குறைய அரை மணி நேரத்தை இழந்தபோதும், முன்னரே சேமித்திருந்த நேரத்தால் முதலிடம் அவரிடமே நிலைத்தது. சார்லி கோல் 1958ஆம் ஆண்டு வென்றவர். உயர்ந்த மலையே இல்லாத நாட்டில் பிறந்த அவரை உலகம் ‘மலைகளின் தேவதூதர்’ என அழைத்தது. ஆண்டி ஷ்லெக் 2010ஆம் ஆண்டின் வெற்றியாளர். முதலில் வந்தவர் ஊக்கமருந்து விதிமீறலால் நீக்கப்பட்டதால், அப்பட்டம் பின்னர் இவருக்கு வழங்கப்பட்டது.

இம்மரபைக் காத்துவருவது ‘லக்சம்பர்க் சுற்று’ என்னும் பல கட்டப் பந்தயம். 1935ஆம் ஆண்டு தொடங்கிய இதனை முதலில் வென்ற மதியாஸ் கிளெமென்ஸ், மொத்தம் ஐந்து முறை வென்று சாதனை படைத்தார். அண்மைக் காலமாகச் செப்டம்பர் மாதத்தில் ஐந்து கட்டங்களாக இது நடைபெறுகிறது. இதில் சிற்றூர் மக்கள் நுழைவுக்கட்டணம் ஏதுமின்றித் தம் வீட்டு வாசலிலேயே நின்று உலகத் தரமான வீரர்களைக் காண்கின்றனர். விளையாட்டு அரங்கம் தேடி மக்கள் செல்வதில்லை. மக்களைத் தேடி விளையாட்டு வருகிறது.

> தெரிந்து தெளிவோம்
> 1900ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் பந்தயங்களுக்குக் குறியீடு வழங்குகிறது. முதல் எண் 1 எனில் ஒருநாள் பந்தயம். 2 எனில் பல கட்டப் பந்தயம். அடுத்து வருவது பந்தயத்தின் தரநிலை. மொத்த நேரத்தில் முன்னிற்பவரை அடையாளம் காட்டத் தனிநிற மேலாடை அளிக்கப்படும். தூர் த பிரான்சில் அது மஞ்சள். இவ்வழக்கம் 1919இல் தொடங்கியது.

இந்தியச் சாலைகளில்

தமிழ்நாட்டில் நீலகிரி இவ்விளையாட்டுக்கு ஏற்ற களம். 2008ஆம் ஆண்டு தொடங்கிய ‘நீலகிரிச் சுற்று’ பல நாள் மிதிவண்டிப் பயணமாகும். ஆர்வலர்களும் போட்டியாளர்களும் ஒருங்கே பங்கேற்கும் இப்பயணத்தில் சில பகுதிகள் மட்டும் நேரக்கணக்குடன் நடத்தப்படும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை இதன் புகழ்பெற்ற சோதனைக்களம்.

2026ஆம் ஆண்டு ஜனவரி 19 முதல் 23 வரை மகாராட்டிரத்தின் புனே மாவட்டத்தில் ‘புனே கிராண்ட் டூர்’ நடைபெற்றது. ஒரு முன்னோட்டச் சுற்றும் நான்கு கட்டங்களும் கொண்ட இதன் தொலைவு 437 கி.மீ. பன்னாட்டு ஒன்றியத்தின் 2.2 தரநிலையில் இந்தியாவில் நடைபெற்ற முதல் பல கட்டப் பந்தயம் இதுவே. நகரச் சாலைகளும் மலைச்சாலைகளும் சில மணி நேரம் மிதிவண்டிகளுக்கே உரியவை ஆயின.

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. அது பந்தய வண்டியன்று. பள்ளிக்குச் செல்வதற்கான வண்டி. ஆனால், எதிர்க்காற்றில் ஒருவர் முன்செல்ல மற்றவர் பின்தொடர்வதும், சிறிது தொலைவு சென்றபின் இடம் மாறிக்கொள்வதும் அந்த வண்டியிலும் இயலும். ஊர் கூடித் தேர் இழுக்கும் மரபில் வந்தவர்களுக்கு இந்நெறி புதிதன்று. நிலம் சிறிதாயினும், மலை இல்லையாயினும் காற்றைத் தாங்க முறைவைத்து முன்வருவோர் உள்ள இடத்தில் இவ்விளையாட்டு வேரூன்றும். எல்லைக்கோட்டில் உயரும் கைகள் ஒருவருடையவை. அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்த கால்கள் பலருடையவை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் மாவட்டத்தில் நான்கு கட்டப் பந்தயம் ஒன்றை அமைப்பதாகக் கொண்டு, ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கம், முடிவு, நிலத்தின் இயல்பு ஆகியவற்றை விளக்கும் வரைபடம் ஒன்றை உருவாக்குக.
2. ‘வென்றவரா, விட்டுக்கொடுத்தவரா – யார் பெரியவர்?’ என்னும் தலைப்பில் வியேத்தோவின் செயலை முன்வைத்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.