குஞ்சு சேவலா, பெட்டையா?

திருவிழாக் கடைவீதிகளிலும் வாரச் சந்தைகளிலும் சாயம் பூசிய கோழிக்குஞ்சுகள் கூடை கூடையாக விற்கப்படுவதை நாட்டின் பல மாநிலங்களில் காண்கிறோம். இளஞ்சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக அவை கீச்சிடுகையில் குழந்தைகள் அவ்விடம் விட்டு நகர மறுப்பதும், பெற்றோர் இரண்டு குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் இட்டு வாங்கிச் செல்வதும் வழக்கமே. வீடு வந்து சேர்ந்ததும் எழும் முதல் கேள்வி, இது சேவலா பெட்டையா என்பதுதான்.

கடைவீதிக் குஞ்சைப் பொறுத்தவரை, அதனைக் கையில் எடுக்காமலே பெரும்பாலும் சரியான விடை கூறிவிடலாம். அது சேவல். முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட இனங்களில் சேவலால் பண்ணையாளருக்குப் பயனில்லை. அது முட்டையிடாது, கறிக்கோழியைப் போல விரைவில் எடை கூடவும் செய்யாது. ஆதலால் பொரிப்பகங்கள் முதல் நாளிலேயே பெட்டைகளைப் பிரித்துக்கொண்டு சேவல்களைக் கழித்துவிடுகின்றன. உலகெங்கும் இவற்றுள் மிகப் பெரும்பகுதி அன்றைக்கே கொல்லப்படுகிறது. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் இவ்வழக்கத்தைச் சட்டத்தால் தடை செய்தது. நம் நாட்டில் ஒரு பகுதி சாயக் கூடைகளுக்கு வந்து சேர்கிறது. அவற்றின் விலை மலிவாக இருப்பதற்கு இதுவே காரணம் என்பதை வணிகவியல் பயின்றோருக்கு விளக்க வேண்டியதில்லை.

பொரிப்பகத்தார் ஒரு நாள் குஞ்சை எவ்வாறு பிரித்தறிகின்றனர்? பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் உடலின் உள்ளே இருப்பதால் புறத்தோற்றம் உதவாது. 1920-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள், குறிப்பாகக் கியோஷி மசுய், ஜுரோ ஹஷிமோட்டோ ஆகியோர், குஞ்சின் எச்சத்துவாரத்தை மெல்ல விரித்து, உள்ளிருக்கும் கடுகினும் சிறிய புடைப்பைக் கொண்டு பால் அறியும் முறையை வகுத்தனர். தேர்ந்த ஒருவர் மணிக்கு ஏறத்தாழ ஆயிரம் குஞ்சுகளைப் பிரிப்பார்; நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் தவறும். எதைக் கண்டு முடிவு செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களுள் பலரால் சொற்களில் விளக்க இயலாதாம். பழுத்த அனுபவமுள்ள நம் காசாளர், கட்டுக்குள் இருக்கும் கள்ள நோட்டை விரல் பட்டவுடன் ஒதுக்கிவைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இதுவும் அத்தகைய கைப்பழக்கமே. வீட்டில் இதனை முயலலாகாது. பழகாத கை குஞ்சின் குடலுக்குக் கேடு செய்துவிடும்.

இறகைக் கொண்டு அறிவது மற்றொரு முறை. முதல் ஓரிரு நாள்களில் சிறகை விரித்துப் பார்த்தால், பெட்டைக்குப் பறக்கும் இறகு மேல்மூடு இறகைவிட நீண்டிருக்கும். சேவலுக்கு இரண்டும் ஒரே அளவாகவோ மேல்மூடு இறகு நீண்டோ இருக்கும். இதனைப் படித்துவிட்டு எல்லாக் குஞ்சின் சிறகையும் விரிப்போர் ஏமாறுவர். இறகு விரைவில் வளரும் தந்தையையும் மெதுவாக வளரும் தாயையும் திட்டமிட்டு இணைத்த வழிகளில் மட்டுமே இவ்வேறுபாடு தோன்றும். நாட்டுக்கோழிக் குஞ்சின் சிறகு இவ்வகையில் எதையும் தெரிவிப்பதில்லை.

நூலில் மோதிரத்தைக் கட்டிக் குஞ்சின் மேல் ஆட்டிப் பார்ப்பது, முட்டையின் முனை கூர்மையா என்று பார்ப்பது, காலைப் பிடித்துத் தொங்கவிடுவது போன்றவற்றை விட்டுவிடலாம். இரண்டே விடைகள் உள்ள கேள்விக்கு எந்தச் சோதனையும் பாதித் தடவை சரியாகவே அமையும்.

வீட்டில் வளர்ப்போருக்கு நம்பத்தக்க வழி காத்திருப்பதே. அதற்கு முதலில் குஞ்சு பிழைத்திருக்க வேண்டும். முதல் வாரம் அதற்கு ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் தேவை. பின்னர் வாரத்திற்கு மூன்று பாகை வீதம் குறைத்து வரலாம். குஞ்சுகள் விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டால் குளிர்கிறது என்றும், வாய் பிளந்து ஓரங்களுக்கு விலகினால் வெப்பம் மிகுதி என்றும் கொள்க. செய்தித்தாள் மட்டும் விரித்த தரையில் கால்கள் வழுக்கி அகன்றுவிடும். உமி பரப்புவது நன்று. தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் இட்டால் குஞ்சு மூழ்காது. நொய்யரிசி மட்டும் போதாது. குஞ்சுத் தீவனம் வாங்க வேண்டும். குஞ்சைத் தொட்ட பின் குழந்தைகள் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கலாகாது. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்தை முதல் வாரத்திலேயே, கால்நடை மருத்துவரைக் கேட்டு, கொடுத்துவிடுதல் வேண்டும்.

நான்காவது வாரத்தில் கொண்டை பேசத் தொடங்கும். சேவலின் கொண்டை பெரிதாகிச் சிவக்கும்; பெட்டையினுடையது வெளிறிச் சிறுத்தே இருக்கும். எட்டாம் வாரத்தில் பெரும்பாலும் ஐயம் தீரும். பன்னிரண்டாம் வாரத்திற்குள் சேவலின் கழுத்திலும் இடுப்பிலும் கூர்நுனி கொண்ட பளபளப்பான இறகுகள் தோன்றும். பெட்டையின் இறகு நுனி வட்டமாகவே நிற்கும். ஆயினும் இனத்துக்கு இனம் இது மாறுபடும். அசில் இனத்தின் கொண்டை இயல்பிலேயே சிறியது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரியதும் 2018-இல் புவிசார் குறியீடு பெற்றதுமான கடக்நாத் கோழிக்கோ கொண்டையே கருமை கலந்த ஊதா நிறமானது. அங்கே சிவப்பைத் தேடிப் பயனில்லை, அளவைத்தான் ஒப்பிட வேண்டும்.

விளையாட்டுக்கு வாங்கிய இரண்டு குஞ்சுகளில் இது ஆவலைத் தூண்டும் புதிர். முட்டை விற்று வருவாய் ஈட்ட எண்ணும் குடும்பத்திற்கோ இது கணக்கு. 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள 85 கோடி கோழியினங்களில் ஏறத்தாழ 32 கோடி புறக்கடையில் வளர்பவை. இவ்வாறு வளர்க்க வாங்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் பால் பிரிக்கப்படாதவை. பத்துக் குஞ்சு வாங்கினால் ஐந்து பெட்டை என்று எழுதப்பட்ட திட்ட மதிப்பீடுகள் நம் மேசைக்கு வருவதுண்டு. சராசரி அதுவே எனினும், பத்தில் சரியாக ஐந்து பெட்டைகள் அமையும் வாய்ப்பு 25 விழுக்காட்டுக்கும் குறைவு. நான்கோ அதற்கும் குறைவாகவோ அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 38 விழுக்காடு. இதற்கு மேல் பருந்தும் கீரியும் நோயும் கொண்டுபோவன உண்டு. எனவே பத்துக்கு மூன்று பெட்டை என்று எழுதி, அதிலும் தவணை அடையுமா என்று பார்ப்பதே நமக்கு உகந்ததாகப்படுகிறது. நான்கு வாரம் வரை தாய் அலகுகளில் வளர்த்த குஞ்சுகளைப் பெறுவோர், எடுக்கும் வேளையிலேயே கொண்டைகளை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

தீவனம், மருந்து, மின்சாரம் ஆகிய நடைமுறைச் செலவுகளுக்குக் கிசான் கடன் அட்டையை நாடலாம். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் இவ்வசதியைக் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கியது. இந்தக் கடனைப் பயிர்க்கடன் என்று மட்டுமே எண்ணியிருப்போர் இன்றும் பலர்.

எதிர்பார்த்ததைவிட மிகுதியாகச் சேவல்கள் அமைந்தாலும் அது முழு நட்டமன்று. கறிக்கு நாட்டுச் சேவலுக்கு நல்ல விலையுண்டு. குஞ்சு பொரிக்க வேண்டுமாயின் எட்டு அல்லது பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் தேவை. எஞ்சியவற்றை, அவை ஒன்றையொன்று கொத்தத் தொடங்குமுன் பிரித்துவிட வேண்டும். அடுக்குமாடியில் வசிப்போர் குஞ்சு வாங்குமுன்பே சேவலை ஏற்றுக்கொள்ளும் உறவினர் கிராமத்தில் ஒருவரேனும் உளரா என்று கேட்டு வைத்துக்கொள்வது நலம். நான்கைந்து மாதத்தில், சில வேளைகளில் அதற்கு முன்பே, விடியுமுன் அது முதல்முறை கூவும். குடியிருப்போர் சங்கத்தின் கடிதம் அதன்பின் வெகுநாள் தாமதிப்பதில்லை.