கம்பஸ் முடிந்தால் எஞ்சினியரா?

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை எஞ்சினியர் ஆவது ஏ.எல். பெறுபேறு வருகிற அன்றைக்கு. கணிதப் பிரிவில் இசட் புள்ளி வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் போதும், ஒழுங்கையில் பெயர் மாறிவிடும். சீதனக் கணக்கும் கூடவே ஏறும். தொழிலின் கணக்கு வேறு. பேராதனையிலிருந்தோ மொரட்டுவையிலிருந்தோ, 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலிருந்தோ நான்கு வருடம் படித்து வெளியே வருகிறவர் பாதி வழிதான் வந்திருக்கிறார். மீதி வழி எப்படிப் போகிறது என்பதை வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

வெளியே வந்ததும் செய்யவேண்டியது பதிவு. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான இலங்கைப் பொறியியல் பேரவையில், பொறியியல் தொழில் செய்பவர்கள் தத்தம் தரத்துக்குரிய பிரிவில் பதிந்திருக்க வேண்டும். இதற்கு அப்பால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் இருக்கிறது. 1906இல் ஒரு சங்கமாகத் தொடங்கி 1968இல் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட தொழில்சார் அமைப்பு அது. அங்கீகாரம் பெற்ற பட்டம் கையில் இருந்தால் இணை உறுப்பினராகச் சேரலாம். பட்டயப் பொறியியலாளர் என்ற தகுதிக்கு அது போதாது. சில வருடம் வேலை செய்து, என்ன பயிற்சி பெற்றீர்கள், எந்தப் பொறுப்பைச் சுமந்தீர்கள் என்று அறிக்கை எழுதி, உங்கள் வேலையை நேரில் அறிந்த மூத்த பொறியியலாளரின் கையொப்பத்துடன் நேர்முகத்துக்குப் போகவேண்டும்.

அந்த நேர்முகத்தில் பாடப்புத்தகச் சூத்திரம் பெரிதாக உதவாது. “தம்பி, இந்த இடத்தில நீர் எடுத்த முடிவு என்ன? ஏன் அப்பிடி எடுத்தனீர்?” என்ற மாதிரித்தான் கேள்வி வரும். மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்பவர் அந்த இடத்தில் திக்கிப்போவார்.

ஆகவே முதல் வேலையைத் தெரிவுசெய்யும்போது சம்பளத்தைப் பார்க்க முதல், உங்களுக்கு மேலே யார் இருக்கிறார் என்று பாருங்கள். ஊரில் ஒரு சின்னக் கொன்ட்ராக்டரிடம் சேர்ந்தால் அத்திவாரத்திலிருந்து கூரை வரை ஒரே வருடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அறிக்கையில் கையொப்பமிடப் பட்டயப் பொறியியலாளர் பெரும்பாலும் அங்கே இருக்கமாட்டார். கொழும்பில் பெரிய நிறுவனமென்றால் கையொப்பமிட ஆள் உண்டு. ஆனால் ஒரு வருடம் முழுக்க ஒரே மாடியில் கம்பி எண்ணிக்கொண்டு நிற்கவும் நேரும். என்னைக் கேட்டால், உங்கள் வரைபடத்தை வாங்கிச் சிவப்புப் பேனையால் கிறுக்கித் திருப்பித் தருகிற ஒருவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

அரசாங்க வேலையைச் சொல்லாமல் விட்டால் அம்மாமார் கோபிப்பார்கள். இலங்கைப் பொறியியல் சேவைக்கான அறிவித்தல் வர்த்தமானியில் வரும். மின்சாரம், குடிநீர் போன்ற துறைகள் தனியாக விண்ணப்பம் கோருவதும் உண்டு. தவறாமல் விண்ணப்பியுங்கள், ஆனால் அதற்காக வீட்டில் காத்திருக்க வேண்டாம். அறிக்கையில் எழுத எதுவுமே இல்லாத காலம் அது. சிங்களமும் படியுங்கள். அரச சேவையில் இரண்டாம் அரசகரும மொழித் தேர்ச்சி கேட்கப்படும். தெற்கில் சைட்டுக்குப் போனால், மேசன் என்ன சொல்கிறார் என்று விளங்குவதற்கே அது வேண்டும்.

வெளிநாடு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 2014இல் இலங்கை வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களை மற்ற உறுப்பு நாடுகள் சமமாக மதிக்கும். பட்டத்தைத்தான் மதிக்கும், வேலையும் உரிமமும் அந்தந்த நாட்டு விதிப்படிதான். அங்கீகாரம் ஒவ்வொரு பாடநெறிக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படுவதால், உங்கள் பாடநெறியும் உங்கள் பட்சும் அதில் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குடாநாட்டில் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தங்கள் காலடியைப் பார்க்கவில்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மாரி மழை, அடியிலுள்ள உவர் நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயிருக்கும் உவர் மேலே ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது இதனால்தான். அதே கல்லை மழைநீர் கரைத்து உள்ளே பொந்துகள் ஆக்கும். சோதிக்காமல் அத்திவாரம் போட்டவர் பிறகு தலையில் கை வைப்பார். உவர்த் தண்ணீரில் கொங்கிறீற் குழைத்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கிச் சீமெந்தை வெடிக்கவைக்கும். இரண்டு பரப்புக் காணியில் கிணறும் மலசலகூடக் குழியும் எவ்வளவு தூரத்தில் இருக்கவேண்டும் என்பதும் எஞ்சினியர் கேள்விதான்.

இந்தத் தண்ணீர்க் கணக்கில் வாழ்க்கையைச் செலவிட்டவர் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் ச. ஆறுமுகம். ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவருவது என்று 1950களில் அவர் வரைந்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம் இன்னும் முழுமையாகவில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்குவது என்று முடிவானது. ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் தரக்கூடிய தாளையடி நிலையம் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. சிவில், இயந்திரவியல், மின்னியல் என்று எல்லாப் பிரிவுக்கும் அங்கே வேலை உண்டு. பளைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. கணினிப் பிரிவுக்காரர் 2011இல் தொடங்கிய யாழ் ஐ.ரி. ஹப் போன்ற இடங்களில் தம் ஆட்களைத் தேடிக்கொள்ளலாம்.

வடமராட்சியிலிருந்து ஹாட்லிக் கல்லூரி வழியாகக் கேம்பிரிட்ஜ் வரை போன இன்னொரு பொறியியலாளர் அ. துரைராஜா. களிமண் நசுங்கும்போது சக்தி எங்கே செலவாகிறது என்பதைத் தன் சோதனை அளவீடுகளிலிருந்து கணக்கிட்டார். அங்கிருந்த ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை மண் பொறியியலில் இன்றும் படிக்கப்படுகிறது. பின்னாளில் போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அந்தப் பெரிய பெயருக்கு அடியில் இருந்தது, ஒழுங்காக எழுதி வைத்த அளவீடுகள்.

நீங்களும் ஒரு சாதாரண சி.ஆர். கொப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும் முதல் நாளிலிருந்து திகதி போட்டு எழுதுங்கள்: இன்று எந்தத் தூணுக்குக் கொங்கிறீற் போட்டோம், 7ஆம் நாளும் 28ஆம் நாளும் கியூப் உடைத்தபோது என்ன வந்தது, எங்கே பிழைத்தது, என்ன முடிவெடுத்தேன், யாரிடம் கேட்டேன். மாதம் முடிய மேலே இருப்பவரிடம் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். மூன்று வருடம் கழித்து நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வராது.